எட்டு ராடும் ஒரு காதும்

மந்தைவெளியில் மண்ணாங்கட்டிக்குக் ‘காது மெக்கானிக்’ என்று பெயர். பானெட்டைத் திறக்கவே வேண்டாம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்த வால்வு அடிக்கிறது என்று சொல்லிவிடுவார். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்து நொச்சிக்குப்பத்தில் வளர்த்த பிள்ளை. படித்தது மூன்றாவது. படகு இன்ஜினில் கை வைத்துத் தொழில் பழகி, காருக்கு மாறி, சொந்த ஷெட் போட்டு, அதன் தலையிலேயே மாடி வீடும் எழுப்பியாகிவிட்டது. ஒருத்தனும் எனக்கு ஒரு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததில்லை என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அந்தப் பெயரை நம்பித்தான் அடையாறு வர்ஷினி தன் பழைய பியட்டைக் கொண்டுவந்து விட்டாள். வேலை நாளில் பல் டாக்டர். லீவு நாளில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பழைய கார் ரேஸ் ஓட்டுகிறவள். இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைத்திருந்தாள். வால்வைக் கூடுதலாகத் தூக்கும் கேம், விறைப்பான வால்வு ஸ்பிரிங், அந்த அழுத்தத்துக்கு வளையாத எட்டு புஷ்ராடு. கேம் உதைக்கிற உதையை மேலே வால்வு வரைக்கும் கொண்டுபோகிற கம்பிகள் அவை. பழையதைவிட ஒரு சுற்று தடிமன்.

“இதெல்லாம் நம்ம கைக்கு ஜுஜுபிம்மா,” என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் பூட்டி, வால்வுக்கு மேலே விட வேண்டிய டேப்பெட் இடைவெளியை அளக்கக் கேஜ் தகடுகூட வைக்காமல், இன்ஜினை ஓடவிட்டுக் காதாலேயே சரிசெய்தார்.

வெள்ளிக்கிழமை வண்டி எடுக்க வந்த வர்ஷினி, சாவியைத் திருப்பிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

“மாஸ்டர், டிக் டிக்னு ஏதோ கேக்குதே.”

மண்ணாங்கட்டி தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்ஜின் உறுமல் கேட்டது. விசிறி கேட்டது. டிக் மட்டும் கேட்கவில்லை.

“புது ஸ்பிரிங்கும்மா. ஓட ஓட அடங்கிக்கும்.”

“ஞாயித்துக்கிழமை ஃபுல் ஸ்பீட்ல ஓட்டப் போறேன். நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா எடுத்துட்டுப் போயிடறேன் மாஸ்டர். உங்க காதைவிடவா என் காது?”

அவர் வாயைத் திறப்பதற்குள், மீன் கடையைக் கட்டிவிட்டுச் சாப்பாட்டுக் கூடையோடு வந்த மனைவி தேசம்மா வாசலிலேயே நின்றாள்.

“இன்னாய்யா இது, கோழி கொத்துற மாரி சத்தம்?”

இரண்டு பேருக்குக் கேட்கிறது. காது மெக்கானிக்குக்குக் கேட்கவில்லை. ‘எட்த்துக்கினு போம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பேர் நிற்கும். ஆனால் ஓட்டப்போவது இந்தப் பெண்.

“வண்டி இங்கியே கெடக்கட்டும். நாளிக்கு வா,” என்றார்.

வர்ஷினி போனதும், நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துப் பார்த்தார். தூரத்துக் கடல்போல ஓர் இரைச்சல், அவ்வளவுதான். மறு காதிலும் வைத்தார். அதே இரைச்சல்.

கடல் என்றதும்தான் படகு ஞாபகம் வந்தது. நடுக்கடலில் காற்றும் டீசல் இன்ஜினும் போடுகிற சத்தத்தில் எவன் காது உதவும்? அங்கே அவர் எல்லாக் கோளாறையும் விரலால்தானே பிடித்தார். இன்ஜினை அணைத்து, மேல் மூடியைக் கழற்றினார். கையாலேயே இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒவ்வொரு ராடையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார். வழுக்கிக்கொண்டு உருண்டன. ஆறாவது, நெத்திலி முள் தொண்டையில் சிக்குகிற மாதிரி லேசாகச் சிக்கியது.

உருவிப் பார்த்தார். பக்கவாட்டில் பளபளவென்று ஒரு கீறல். தடித்த ராடு, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் அது ஏறி இறங்குகிற துளையின் சுவரில் உரசியிருக்கிறது. பூட்டும்போதே உருட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காது இருக்கும்போது விரல் எதற்கு என்று விட்டதன் பலன்.

ஹெட்டைக் கழற்றிக் கீழே இறக்கி, எட்டுத் துளையையும் வட்ட அரத்தால் ராவி அகலமாக்கினார். தூள் போகக் கழுவி, கீறல் விழுந்த ராடுக்கு மாற்று ராடு செய்வித்து, புது கேஸ்கெட் போட்டுப் பூட்டினார். இந்த முறை கேஜ் தகட்டையும் தேடி எடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வர்ஷினி சாந்தோம் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“அந்த டிக் டிக் சுத்தமா இல்ல மாஸ்டர். வெண்ணெய் மாதிரி போகுது. கீறல் விழுந்த அந்த ராடு டிராக்ல உடைஞ்சிருந்தா?”

“ஒடஞ்சிதான் இருக்கும். அதான் நான் கீறேன்ல,” என்றார் மண்ணாங்கட்டி.

வண்டி போனதும் தேசம்மா ஏதோ சொன்னாள்.

“இன்னா?”

“ரெண்டு வருசமா இன்னா இன்னான்னு கேட்டுக்கினு கீற. கத்திக் கத்தி எனுக்குத் தொண்ட போச்சு.”

“மீன் கூவிக் கூவி உன் கொரலு பெருசாயிட்சின்னு இல்ல நெனச்சேன்.”

“எனுக்குத் தெரியும்யா. நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். திங்கக்கெழம காது டாக்டராண்ட போலாம், வர்றியா?”

வேறு நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பார். இன்று தோளிலிருந்து இன்ஜினையே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை. தொழிலும் கையைவிட்டுப் போகவில்லை.

“போலாம். அம்பது வருசத்து இன்ஜினுக்கே அந்தப் பொண்ணு புது பார்ட்டு போடுது. நான் மட்டும் இன்னா கொறச்சலு?” என்று சாப்பாட்டுக் கூடையை இழுத்தார். “ஒண்ணு கேட்டுக்க. இந்த மாரி காத அந்த டாக்டரு இதுவரிக்கும் பாத்திருக்க மாட்டாரு.”

“ஆமா,” என்று தேசம்மா கத்தினாள்.