காலிப் படகுக்கு ஒரு வட்டம்

கணக்கில் தப்பு இருக்கிறது என்று தெரிந்த அன்று, பேப்பர் அனுப்பப் பத்து நாள்தான் பாக்கி.

பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் ஊர்ப் படகுகள் கொண்டுவரும் இறாலை எழுதி வைப்பது என் வேலை. எனக்கு எண் எழுதத் தெரியும். பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அது போதும். கூடையைப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். தராசு பிறகுதான் ஒப்புக்கொள்ளும்.

வேலையைக் கொடுத்தவள் கவிதா. ஆரம்பாக்கத்துப் பெண், புள்ளியியலில் ஆராய்ச்சி செய்கிறவள். நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இருக்கும் இளம் புள்ளியியல்காரர்கள் எழுதும் ஆராய்ச்சிப் பேப்பருக்கு வெளிநாட்டில் ஒரு பரிசு உண்டாம். அதற்கு வயது வரம்பு இருக்கிறது. கவிதாவுக்கு அந்த வருஷம்தான் கடைசி. என் இரண்டு வருஷக் கணக்கை வைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று கரையில் உட்கார்ந்து முடிவைச் சொன்னாள். "ஒரு படகுக்குப் படற எறா குறையவே இல்லைம்மா. ரெண்டு வருஷமும் ஒரே மாதிரிதான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இத்த வெளிய சொல்லாத. ஊர்ல பாதிப் பேரு வெறுங்கையோட வந்துனு கீறான்."

"அந்தப் படகுங்கள நீங்க எழுதவே இல்லையே?"

"அத்த எப்படி எழுதறது? காலியா வர்றவன இன்னா பட்டுச்சுனு கேக்க மாட்டோம். கேட்டா மறுநாளும் படாதுனு சொல்லுவாங்க. நான் அந்தாண்ட திரும்பிக்குவேன்."

அவள் பேனாவை மூடினாள். "அப்ப இறால் பட்ட படகு மட்டும்தான் கணக்குல இருக்கு. இத அனுப்ப முடியாதும்மா."

தப்பு என்னுடையது. ஆனால் உட்கார்ந்து புலம்புகிறவள் நான் இல்லை. ஏரியில் இறால் விழும் இடங்களில் எந்த நாள் எந்தப் படகு வலை கட்டலாம் என்று ஊரில் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அதை எழுதி வைக்க ஒரு நோட்டும் உண்டு. ஒரு நாள் பாடு நோட்டில் இருக்கும் படகு என் நோட்டில் இல்லை என்றால், அது ஒன்று காலியாக வந்திருக்கும். இல்லை, போகாமலே இருந்திருக்கும். அந்த நோட்டு ஊர்த் தலைவர் வீட்டில் இருக்கும். பெண்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

நான் கேட்டேன்.

"இன்னாக்கா, பாடு நோட்டு உனக்கு எதுக்கு? வலை கட்டப் போறியா?" என்றார் தலைவர்.

"கட்டுனா உன்னவிட நல்லாவே கட்டுவேன். ஏரி நல்லாக் கீதுனு ஒரு பேப்பர் போவப் போவுது. அத்தப் படிச்சவன் நாளைக்கு எறா இல்லனு நீ சொன்னா நம்புவானா?"

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். "இங்கயே குந்திப் பாரு. வெளிய எடுத்துனு போவாத."

ஆறு நாள் நானும் கவிதாவும் அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு நோட்டையும் ஒத்துப் பார்த்தோம். சந்தேகம் வந்தால் அந்தந்த வீட்டுப் பெண்களைக் கேட்டேன். சாவு, கல்யாணம் என்று படகு போகாத நாளை அவர்கள் மறப்பதில்லை. அவர்களுக்கும் நினைவில்லாததைத் தெரியவில்லை என்றே கவிதா தனியாக எழுதினாள். காலிப் படகு ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு வட்டம் போட்டேன். இரண்டாம் வருஷப் பக்கங்களில் வட்டம் நெருக்கி விழுந்தது.

இறால் குறைந்திருக்கிறது என்று முடிவை மாற்றி எழுதிய பேப்பர் கெடு நாளுக்குள் போனது. பரிசு வந்ததைப் போனில் சொன்னாள். "விட்டுப்போன படகுங்கள எப்படித் தேடினோம்னு எழுதினதத்தான் ரொம்பப் பாராட்டினாங்கம்மா. தப்பு நடந்ததையும் எழுதியிருக்கேன். உங்க பேரப் போடல."

"ஏன் போடல? தப்புப் பண்ணதும் நான், சரி பண்ணதும் நான். ரெண்டுக்கும் சேத்து ஒரு பேரு போடு."

அச்சில் போட்டாள்.

கணக்கெடுக்க வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஊர் கேட்கக் கூடாது என்று வைத்திருப்பதைக் கேட்காமலே தெரிந்துகொள்ள வழி தேடுங்கள். அதுவும் வேலைதான். காலியாக வருகிறவனிடம் இன்னா பட்டுச்சு என்று நான் இன்றைக்கும் கேட்பதில்லை. "ஏரிக்குப் போனியா?" என்று மட்டும் கேட்கிறேன். அவன் தலையாட்டியதும் வட்டம் போட்டுவிடுகிறேன்.