படலை திறக்காத விளையாட்டு

பக்கத்து வளவு மாமாவைக் கணினித் திரையில் பதினாறு புள்ளி உயரத்தில் வரைந்து முடித்தபோது, இனி இவரை யாராலும் அடையாளம் காண முடியாது என்று நம்பினேன். மூக்குக்கு ஒரு புள்ளி, தோளில் கிடக்கும் துவாய்க்கு இரண்டு புள்ளி, வயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். தள்ளி நின்று பார்த்தால் மாமாவாகவும் இருக்கலாம், சாரம் கட்டிய கத்தரிக்காயாகவும் இருக்கலாம். என் கெட்டித்தனத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக் காணி ஒன்றில் நானும் அம்மாவும் இருக்கிறோம். கொழும்புக் கந்தோர் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி கணினியில் படம் வரைந்து கொடுப்பது என் வேலை. மிச்ச நேரத்தில், பழைய காலத்து விளையாட்டுகள் மாதிரி கட்டம் கட்டமான பிக்சல் படங்களை வைத்து சிரிப்பதற்கென்று ஒரு சின்னப் பகிடி விளையாட்டுச் செய்தேன். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வாளியோடு ஒரு பெண் வருவாள். அவளுடைய குடும்பத்துக்குப் பங்குள்ள கிணறு கிழவர் ஒருவரின் வளவுக்குள் இருக்கிறது. கிழவர் வேலிப் படலையடியில், வாசலை மறித்துக் கதிரை போட்டு இருக்கிறார். அவரை வென்றால்தான் தண்ணீர். வாள், வில் ஒன்றும் கிடையாது, சண்டை முழுக்க வாயால்தான். அவள் நலம் விசாரிக்கலாம், காணி உறுதியைக் காட்டலாம், செத்தவீட்டுக்கு வராத பழைய கதையை எடுத்து விடலாம். கிழவர் வேலியில் நட்ட கதியால் தடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி திருப்பி அடிப்பார். அவருக்கு உயிர் குறைந்துகொண்டு போனால் எழும்பி நின்று காலடியால் எல்லையை அளக்கத் தொடங்குவார், உயிர் மறுபடி நிரம்பிவிடும்.

எந்த வழியால் போனாலும் அவர் படலையைத் திறக்கமாட்டார். தோற்றுப்போனாலும் "நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு இருமுவார். விளையாட்டு அதோடு முடிந்துவிடும். பகிடியே அதுதான்.

அந்த இருமலில்தான் நான் மாட்டினேன். கணினியில் செய்த இருமல் ஒன்றும் சரிவரவில்லை. ஒரு காலை மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இருமியபோது, இந்தப் பக்கம் கிளுவை மரத்தடியில் குந்தியிருந்து என் போனில் அதைப் பதிந்துகொண்டேன். முதலில் இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு நீளம், கடைசியில் தொண்டையைச் செருமிக் கோபமாக ஒரு முடிவு. அதைப் போட்டதும் கத்தரிக்காய்க்கு உயிர் வந்துவிட்டது.

மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கிணறு அவருடைய வளவுக்குள், பங்கு இரண்டு வீட்டுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்துக்குத் தண்ணீர் விட எங்கள் இறைப்பு முறை. முறை வரும் காலையில் அம்மா போய்ப் படலையடியில் நிற்பார், மாமா வந்து ஏசிக்கொண்டே திறந்து விடுவார். போன முறை வேலி அடைத்தபோது ஒரு கதியால் எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது என்று அம்மா சொல்ல, இல்லை உன் பக்கத்துக் கதியால்தான் என் பக்கம் நகர்ந்தது என்று அவர் சொல்ல, அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. ஆனாலும் எங்கள் முறையில் அவர் படலையைப் பூட்டியது கிடையாது. பூட்டுகிற கிழவர் என் விளையாட்டில் மட்டும்தான்.

விளையாட்டை இணையத்தில் ஏற்றினேன். என் பெயரைப் போடவில்லை. விளையாடியவர்கள் கீழே அபிப்பிராயம் எழுதத் தொடங்கினார்கள். கிழவர் அருமை என்றார் ஒருவர். இப்படி ஒரு சித்தப்பா தன் வீட்டிலும் உண்டு என்று எங்கோ பிரேசிலில் இருந்து ஒருவர் எழுதினார். அதற்குள் முடிந்துவிட்டதே என்று இன்னொருவருக்குக் கவலை. தண்ணீரே கிடைக்காத விளையாட்டு என்ன விளையாட்டு என்று ஒருவர் கோபித்து ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போனார். பாராட்டை வாசிக்கும்போதும் எனக்குச் சந்தோசம் இல்லை. முன்பின் தெரியாத இத்தனை பேர் மாமா இருமுவதைக் கேட்டுச் சிரிக்கிறார்களே என்ற பயம்.

ஒருநாள் ஒரே ஒரு வரி வந்து கிடந்தது. "இந்த இருமலை எனக்குத் தெரியும்."

எழுதியவரின் பெயர் இல்லை. உடனே விளையாட்டை எடுத்துவிடலாம் என்று போனால், யாரோ ஒருவர் முழுவதையும் விளையாடிக் காட்டிக் காணொளியாகப் போட்டிருந்தார். இருமல் வரும் இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார். நான் எடுத்தாலும் அந்தக் காணொளி இருக்கும். எங்கள் ஊர்ச் சனம் பாதி வெளிநாட்டில். ஒரு வளவுக்குள் நடப்பது பாரிசையும் ரொறன்ரோவையும் சுற்றி அடுத்த வளவுக்கு வர அரை நாள் போதும்.

தோட்டத்தில் வெங்காயம் கிழங்கு வைக்கிற நேரம். இப்போது இரண்டு முறை தண்ணீர் தவறினால் குமிழ் பருக்காது, அம்மாவின் அந்தப் போகமே போச்சு. மாமா கிணற்றுப் படலையைப் பூட்டிவிட்டால் நாங்கள் வழக்குக்குப் போகலாம், வழக்கு முடியும்போது வெங்காயம் இருக்காது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. "என்னடி முகம் செத்துக் கிடக்கு?" என்று அம்மா கேட்டார். தலையிடி என்றேன்.

அடுத்த இறைப்பு முறைக்கு நானும் அம்மாவோடு போனேன். படலை சாத்தியிருந்தது. மாமாவைக் காணவில்லை.

"அண்ணை! தண்ணி முறையெல்லே!" என்று அம்மா கூப்பிட்டார்.

அம்மா இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் எங்கள் இறைப்பு மிசின் தோற்றுவிடும். கடைசியில் மாமா வந்தார். துவாய் தோளில் இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல் படலையைத் திறந்துவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டார். ஏசவில்லை, கதியால் கதை எடுக்கவில்லை, இருமக்கூட இல்லை.

"உந்த மனுசனுக்கு என்ன நடந்தது? ஏசாமல் போறார்," என்றார் அம்மா. மாமா ஏசாதது அம்மாவுக்கே பயமாகிவிட்டது.

அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலிச் சண்டைக்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்காதவர். அம்மா தோட்டத்தில் நின்றார், வீட்டில் நான் தனி. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இருங்கோ மாமா," என்றேன். கதிரை போட்டும் அவர் இருக்கவில்லை.

"நீ கொம்பியூட்டரிலை என்னத்தையோ செய்து விட்டிருக்கிறாயாம். நான் அதிலை வாறனாம். இந்தப் பக்கத்திலை உப்பிடிப் படம் கீறுறது நீ ஒருத்திதானே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம் மாமா," என்றேன்.

"கனடாவிலை இருக்கிற மச்சான் ஒருத்தன் இதை அனுப்பினவன்." போனை நீட்டினார். "இங்கிலிசு எழுத்து, ஆனால் இங்கிலிசு இல்லை. தமிழ் மாதிரியும் கிடக்கு. எனக்கு வாசிக்க ஏலேல்லை. என்ரை மகன் எழுதினதாம். நீ வாசி."

மாமாவின் மகன் போய்ச் சேர்ந்த நாட்டில் அவருக்குப் பிடிக்காத கலியாணம் ஒன்றைச் செய்தான் என்பது ஊருக்கே தெரியும். மாமா அதற்குப் பிறகு அவனோடு கதைத்ததில்லை. அவனிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளையும் அவர் எடுக்கவில்லை. அந்த ஒற்றை வரியை எழுதியவனும் அவன்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது, நான் பயத்தில் திறந்து பார்க்காமல் விட்ட அந்தப் பக்கத்தில், நீளமாக எழுதியிருந்தான். மனதுக்குள் முதலில் வாசித்தேன். இதை எப்படி வாய்விட்டு வாசிப்பது? மாற்றி வாசிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"ஒண்டும் விடாமல் வாசி," என்றார் மாமா.

வாசித்தேன். "சின்ன விளையாட்டு, நல்ல பகிடி. அந்த இருமல் என்ரை அப்பான்ரை. செய்த ஆக்களுக்கு அவரைத் தெரிஞ்சிருக்கு. நான் வெளிக்கிட்ட அண்டைக்குப் படலையடியிலை நிண்டு 'போயிட்டு வாறன் அப்பா' எண்டனான். அவர் இருமினவர், வேறை ஒண்டும் சொல்லேல்லை. இதிலை எல்லாப் பாதையாலையும் போய்ப் பாத்திட்டன். ஒண்டிலையாவது கிழவர் திறப்பார் எண்டு நினைச்சன். திறக்கமாட்டார். சரியாய்த்தான் செய்திருக்கினம். ஐஞ்சு நட்சத்திரம்."

அவர் கதிரையில் மெல்ல இருந்தார். இப்போது என்னை ஏசப்போகிறார், ஏசிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். ஏசினால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்றும் இருந்தது.

"எல்லாப் பாதையும் பாத்தவனாமோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமா."

"உதுக்குள்ளை இன்னொரு பாதை போட ஏலாதோ? திறக்கிற மாதிரி ஒண்டு."

"ஏலும் மாமா. ஆனா..." போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "இது சின்ன விளையாட்டு. ஒருக்கா முடிச்ச ஆக்கள் பிறகு வாறது குறைவு."

"நீ போடு பிள்ளை," என்றார்.

கிழவர் படலையைத் திறக்கும்போது என்ன சொல்லுவார் என்று கேட்டேன். அவரே சொல்லுகிறேன் என்றார். என் போனை அவர் முன்னால் பிடித்தேன். வாயைத் திறந்தார், இருமல் வந்தது. இன்னொரு முறை முயன்றார். மறுபடி இருமல். சமையலறையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் குடித்து, சால்வை போர்த்தியவர் மாதிரி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, தூங்குகிற யாரையோ எழுப்புகிற குரலில் சொன்னார்: "வா ராசா. உள்ளை வா."

புதுப் பாதையைச் சேர்த்து, விளையாட்டை மறுபடி ஏற்றினேன். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாளியை நிலத்தில் வைத்துவிட்டு, ஒரு ஆயுதத்தையும் எடுக்காமல், கிழவருக்குப் பக்கத்தில் சும்மா நின்றால் போதும். புதிதாக விளையாடியவர்கள் எழுதினார்கள். பகிடி கெட்டுப்போச்சு என்றார் ஒருவர். முந்தின முடிவுதான் நல்லது, இது சினிமா மாதிரி என்றார் இன்னொருவர். ஒருத்தி மட்டும் அந்தக் குரலைக் கேட்டு அழுதேன் என்றாள். நான் தேடுகிறவன் ஒன்றும் எழுதவில்லை. இணையத்தில் அவனுக்கு நேரே ஒரு செய்தியும் போட்டேன். அவன் அதைப் பார்த்தானா என்றும் தெரியவில்லை.

வெங்காயம் கிண்டி முடிந்தது, நல்ல விளைச்சல். கதியால் சண்டையை மாமா மறந்துவிட்டார், அம்மாதான் மறக்கவில்லை. காலையில் நான் முகம் கழுவ வரும் நேரம் பார்த்து அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"ஏதும் எழுதியிருக்கோ பிள்ளை?"

"இன்னும் இல்லை மாமா."

"சரி. வேலையாய் இருப்பான்."

முன்பு அவர் வேலியடிக்கு வருவார் என்று பயந்தேன். இப்போது, ஒரு காலையில் அவர் வந்து நின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.