வெள்ளை ஓக்கின் சாட்சியம்

வாபாஷ் ஆற்றுக்கு மேற்கே, ஆறு ஊர்களுக்கான காட்டு நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்தவர் ஜெடிடையா ப்ரூவெட். ஊராருக்கெல்லாம் எல்லை வகுத்துக் கொடுத்த அவருக்குச் சொந்தமாக ஒரு முழம் மண் இல்லை. பதினோரு ஆண்டுக்கு முந்தைய அந்த வேலைக்கான கூலியை அரசு கொடுத்தால், தாம் குடியிருக்கும் ஓடைக்கரை எண்பது ஏக்கரை மே மாத ஏலத்தில் வாங்கிவிடலாம்.

ஏப்ரல் தொடக்கத்தில் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. மனைவி மெகிட்டபெல் உரக்கப் படித்தாள்: "தங்கள் குறிப்பேட்டில் சாட்சிகளாகக் காட்டப்பட்டுள்ள டபிள்யூ. ஓக், பி. ஆஷ் ஆகிய இருவரும் நேரில் வந்து உறுதியளித்தால் தொகை வழங்கப்படும்."

எல்லை மூலைக்கு அருகிலுள்ள மரங்களில் பட்டையைச் செதுக்கிக் குறியிட்டு, அவற்றைச் 'சாட்சி' என்று எழுதுவது அளவைக்காரர் வழக்கம். 'ஒயிட் ஓக்' என்னும் வெள்ளை ஓக் மரத்தையும் 'பிளாக் ஆஷ்' என்னும் கறுப்பு ஆஷ் மரத்தையும் அவர் ஆங்கில முதலெழுத்தால் சுருக்கியிருந்தார். கடிதம் எழுதிய தலைநகர் எழுத்தர் அவற்றை மனிதராக்கிவிட்டார்.

"ஏங்க, ஓக்கு அண்ணனுக்குக் கோட்டு தைக்கணுமே, இடுப்பு எத்தன முழம்?" என்றாள் மெகிட்டபெல்.

"ஆஷு தம்பி வரமாட்டாரு அண்ணே," என்றான் அளவுச் சங்கிலி பிடிக்கும் உதவியாள் லெமுவேல். "போன வெள்ளத்துல ஆத்தோட போயிட்டாரு."

"சிரிக்காதீங்கப்பா. எழுதிப் போட்டுப் பதில் வர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சுரும்." ஜெடிடையா எழுந்தார். "கூப்பிட்டா போகவேண்டியதுதான். கோடாலிய எடுடா."

மரத்தை வீழ்த்தாமல், குறியிருந்த பக்கத்தை மட்டும் கட்டையாக வெட்டியெடுத்தார்கள். நான்கு நாள் வண்டிப் பயணத்துக்குப் பின், அக்கட்டை அதிகாரிகளின் மேசைமேல் இருந்தது.

"யாரு இது?" என்றார் தலைமை அதிகாரி.

"நீங்க வரச்சொன்ன ஓக்குங்க. வாய் பேசாது, எண்ணிப் பாத்துக்கலாம்."

எழுத்தரின் முகம் காதுவரை சிவந்தது. குறியின்மேல் பின்னாளில் வளர்ந்து மூடியிருந்த மரத்தை ஜெடிடையா உளியால் பிளந்தார். உள்ளே அவர் செதுக்கிய எழுத்துகள். பெயர்ந்த துண்டில் அவையே கண்ணாடியில் கண்டதுபோல் இடவலம் மாறி. தலைமை அதிகாரி பேனாக்கத்தி முனையால், குறிக்குமேல் ஆண்டுக்கு ஒன்றாக வளர்ந்திருந்த வளையங்களை எண்ணினார். சரியாகப் பதினொன்று.

"முப்பது வருஷத்துல பொய் சொல்லாத சாட்சிய இன்னிக்குத்தான்யா பாக்குறேன்!" என்று அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அன்று மாலையே தொகைக்குக் கையெழுத்தாயிற்று.

ஏலத்தில் எண்பது ஏக்கரும் ஜெடிடையா பெயருக்கு வந்தது. பத்திரத்தைக் கையில் வாங்கிய மெகிட்டபெல், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்கரையோடு நடக்கத் தொடங்கினாள்.

"எங்க அண்ணி போறீங்க?" என்று கத்தினான் லெமுவேல்.

அவள் எல்லையோரமாகவே நடந்தாள். உச்சிவேளைக்குத்தான் நிலத்தைச் சுற்றி எதிர்ப்பக்கமாக வந்து சேர்ந்தாள், பாவாடை முழுக்க ஒட்டுமுள்ளோடு.

"நல்லா நடக்க வைக்குது நம்ம எடம்," என்றாள் மூச்சிரைக்க.