என் கட்டிக்கு என் கையெழுத்து

எனக்குக் குடலில் புற்றுநோய் என்பது என்னைத் தவிர எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போன வருஷம், தொண்ணூற்றைந்தில் நடந்தது இது. குடலில் புண், வெட்டி எடுத்தாயிற்று, மிச்சம் ஆறுவதற்கு மருந்து ஏற்ற வேண்டும் என்றான் என் மகன். பிறை என்கிற ஊரில் தொழிற்சாலை சூப்பர்வைசர் அவன். அத்தனை பேரை மேய்க்கிறவனுக்குப் பொய் சொல்ல வராது; சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவான்.

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த டாக்டர், நர்சு ஒருவர் விடாமல் போய், “அம்மாகிட்ட அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க” என்று கேட்டுக்கொண்டான். ஆயர் ஈத்தாம் பசாரில் முப்பது வருஷம் மலாயில் பேரம் பேசி மீன் வாங்கியவள் அவன் அம்மா என்பது மறந்துபோயிற்று. என்னைத் தள்ளுவண்டியில் தள்ளிப்போன மலாய்ப் பெண், கன்செருக்கு இப்போதெல்லாம் நல்ல மருந்து இருக்கிறது மக்சிக், பயப்படாதீர்கள் என்று, அத்தை முறை வைத்து, முதல் நாளே மலாயில் சொல்லிவிட்டாள்.

நான் காட்டிக்கொள்ளவில்லை.

“புண்ணு எப்படிடா இருக்கு?” என்று தினமும் கேட்பேன்.

“ஆறுது மா.”

மூன்றாவது தடவை மருந்து ஏற்றுவதற்குள் அவன் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தே விழுந்துவிட்டது.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. வாய் முழுக்க வெந்துபோயிற்று. கஞ்சி பட்டாலும் எரியும். வயிறு நாளைக்குப் பத்துத் தடவை ஓடும். பக்கத்து நாற்காலியில் நிபோங் திபாலிலிருந்து வரும் ஒருத்திக்கும் அதே நோய், அதே மருந்து. “எனக்குக் கல்லீரல்ல பரவின கட்டி பாதியா சுருங்கிடுச்சாம் அக்கா. உங்களுக்கு?” என்று கேட்டாள். எனக்கு என்ன என்று எனக்கு யார் சொன்னார்கள்? வந்தது பாருங்கள் ஆத்திரம்.

அந்த வாரம்தான் ஒரு டாக்டர் பெண் கையெழுத்து வாங்க ஒரு பாரத்தோடு வந்தாள். ஆராய்ச்சிக்காம். மகன் பாய்ந்து குறுக்கே நின்றான்.

“நான் சைன் போடறேன் லா டாக்டர். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது.”

“பேஷண்டுதான் சார் போடணும்.”

“டேய், தள்ளு” என்றேன். “கன்செர் எனக்கு. சைன் நீ போடுவியா?”

அவன் கை பொத்தானுக்குப் போனது.

“அதுவும் போயிடும், விடு” என்றேன். “எத்தன நாளாடா என்னய முட்டாளாக்கி வச்சிருக்கே? அந்த அம்மாவுக்குச் சுருங்குது. எனக்குச் சுருங்குதா, வளருதா? வாய் வேகறது எனக்குத்தானே!”

“நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் மா...”

“நான் என்ன பீங்கானா?”

டாக்டர் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “வெட்டி எடுத்த கட்டில ஒரு துண்ட மெழுகுல பதிச்சு வச்சிருக்கோம் பாட்டி. கட்டிக்குள்ள ஜீன்னு இருக்கு. சில ஜீன் ரொம்ப வேலை செய்யும், சிலது சும்மா கெடக்கும்.”

“எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தானே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எந்த ஜீன் அதிகமா வேலை செஞ்சா இந்த மருந்து வேலைக்கு ஆகாதுன்னு முன்கூட்டியே தெரியுமான்னு பாக்கறோம்.”

“அப்போ இப்ப யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு தெரியாமயா ஏத்தறீங்க?”

“ஏத்திப் பாத்துத்தான் பாட்டி தெரியும்.”

சொன்ன நேர்மைக்காக அவளை விட்டேன். “சைன் போடறேன். ஆனா ஸ்கேன்ல என்ன வந்தாலும் மொதல்ல எங்கிட்டத்தான் சொல்லணும். அதையும் இதுல எழுது.” எழுதினாள். மூன்று வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தில், கோணல்மாணலாக, என் பேரை முழுசாகப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்கேன் வந்தது. கதவருகில் நின்ற மகனைத் தாண்டி அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“கல்லீரலுக்குப் பரவின கட்டி சுருங்கல பாட்டி. இன்னும் வளந்திருக்கு.”

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் வெந்தது வீண் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

“ஊசிய எடு” என்றேன்.

“மா, இன்னும் ரெண்டு தடவ பாக்கலாம் மா!”

“ஒன் வாய்ல ஏத்திப் பாரு, போ.”

நிறுத்தி ஏழு மாசம் ஆகிறது. வலிக்கு மாத்திரை தருகிறார்கள். வாய் ஆறிவிட்டது, அதனால் மகனுக்குத் தினமும் திட்டு கிடைக்கிறது. போன வாரம் மாத்திரை வாங்கப் போனபோது அந்த டாக்டர் பெண் ஓடி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“பாட்டி, ஒங்க துண்டுல அந்த ஜீன் ரொம்ப அதிகம். நாங்க நெனச்சது சரியா இருக்கு!”

நான் அவளையே பார்த்தேன். அவள் சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

“சாரி பாட்டி.”

“அப்போ இனிமே வர்றவங்களுக்கு மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே பாத்துச் சொல்லிடுவீங்களா?”

“இப்பவே முடியாது பாட்டி. உறுதியா சொல்றதுக்கு இன்னும் நெறைய பேரோட கட்டி வேணும்.”

“கட்டிக்கு என்ன பஞ்சம்? வார்டு முழுக்கப் படுத்திருக்காளுங்க. போய்க் கேளு. அவளுங்ககிட்டயே கேளு, மகன்கிட்டக் கேக்காதே.”