தொட்டுக்கொள்ளும் கிண்ணம்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு உப்பு வராது. உப்பு, புளி, காரம் எல்லாம் அடுப்படியிலேயே முடிந்துவிட வேண்டும். தட்டில் விழுந்த பிறகு யாராவது எதையாவது சேர்த்தால் சமைத்த என்னைக் குறை சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வேன். இது என் கணவருக்குத் தெரியும். மகளுக்கும் தெரிந்துதான் இருந்தது, டாக்டர் படிப்புக்கு பிலிப்பைன்ஸ் போகும்வரை.

இரண்டாம் வருட விடுமுறைக்கு மந்தைவெளி வந்தவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கலர் காகிதத்தில் சுற்றிய பால்மாவு இனிப்பு, காயவைத்த மாம்பழத் துண்டுகள், தென்னங்கள்ளில் செய்த வினிகர் ஒரு பாட்டில். கடைசியாக, நாலு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக, ரோஸ் நிறத்தில் ஒரு விழுது.

"இது பகூங். இறால் ஊறவச்சுப் பண்றது. நானாய் அவங்க கையால செஞ்சு உனக்குன்னே குடுத்தாங்கம்மா."

நானாய் என்பது அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அம்மான்னு அர்த்தம். அங்க பெரியவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

எல்லாரையும்தானாம். பெற்றவள் நான், பெயர் அவளுக்கு!

மறுநாள் காலையிலேயே மீன் வாங்க நொச்சிக்குப்பம் போனேன். "இன்னா டீச்சர், பொண்ணு வந்துகீதா? மூஞ்சே சொல்லுதே" என்று மீன்காரம்மா நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். மசாலா தடவி, ஊறவைத்து, பொன்னிறமாகப் பொரித்துப் பரிமாறினேன். மகள் எழுந்து போய் ஒரு சின்னக் கிண்ணம் எடுத்துவந்தாள். அதில் வினிகர் ஊற்றி, பூண்டு நசுக்கி, பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டு, என் வஞ்சிரத்தை அதில் தொட்டுச் சாப்பிட்டாள்.

"மசாலா பத்தலையா?"

"ஐயோ, சூப்பரா இருக்கும்மா. இது சும்மா தொட்டுக்க. அங்க சமைக்கிறவங்க பாதி, சாப்பிடறவங்க பாதி. அவங்கவங்க கிண்ணத்துல அவங்கவங்க டேஸ்ட்."

ஆக, இத்தனை வருடம் சமைத்த நான் பாதிச் சமையல்காரி.

அந்த ஒரு மாதமும் கிண்ணம் மேசையை விட்டு நகரவில்லை. கோழிக்கும் கிண்ணம், கத்தரிக்காய்க்கும் கிண்ணம். ஒருநாள் வினிகருக்கு இடமே வைக்கக் கூடாது என்று மீன் குழம்பில் புளியை இரண்டு மடங்கு கரைத்தேன். கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். மகள், "இன்னிக்குக் கிண்ணமே வேணாம்மா" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் குழம்பை யாரும் தொடவில்லை, ஆனாலும் எனக்குத் திருப்தியாக இருந்தது.

என் கணவரோ கட்சி மாறிவிட்டார். மாங்காய்க் கீற்றை பகூங்கில் தொட்டுக்கொண்டு, "அருமையா இருக்கு, நீயும் சாப்பிட்டுப் பாரேன்" என்று என்னையே கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். அவர்கள் இருவரும் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிருந்தபோது விரலால் வழித்து வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மகள் கிளம்புவதற்கு முந்தைய நாள் இறால் தொக்கு கிண்டினேன். அவள் எட்டிப் பார்த்து, "காரம் கம்மியா போடும்மா. நானாயும் சாப்பிடுவாங்க" என்றாள். சரி என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் மிளகாய்த்தூளை இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன். அல்பத்தனம்தான், மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அங்கிருந்து மகள் போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் தொக்கைப் பற்றிக் கேட்டேன்.

"செம காரம்மா! நானாய்க்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. உடனே கிண்ணத்த எடுத்துட்டு வந்து, தொக்கைப் போட்டு, வினிகர் ஊத்தப் போனாங்க."

அவ்வளவுதான், என் தொக்கும் அந்தக் கிண்ணத்துக்குள் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நான் விடல" என்றாள் மகள்.

"ஏன்டி?"

"இது எங்கம்மா பண்ணது, எதையும் சேர்க்கக் கூடாது, அப்படியேதான் சாப்பிடணும்னு சொல்லிட்டேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன். "அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"கிண்ணத்த உள்ள கொண்டு வச்சுட்டாங்க. முகம்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் முழுக்க நானும் அப்படித்தான் இருந்தேன். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"சிக்னல் சரியில்லடி. நீ அவங்க கிட்ட என்ன சொன்னேன்னு இன்னொரு தடவை சொல்லு" என்றேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.