நான்கு சக்கரமும் ஒரு மூக்கும்

எங்கள் தெருக்காரர் ஒருவர், வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கியதும், முன் சக்கரத்தின் எதிரே முட்டி போட்டு மூக்கை உள்ளே நுழைக்கிறார். ஆழமாக ஒரு மூச்சு. பிறகு அடுத்த சக்கரம். பிறகு பின்னால் இரண்டு. தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள், பாவம், ஏதோ தொலைத்துவிட்டார் என்று தேட உதவிக்கு வருவார்கள். "சாவி இல்லீங்க, பிரேக்கு. சூடானா ஒரு வாசம் வரும். அது கருகின வாசமா, சும்மா வாசமான்னு பாக்கறேன்" என்பார், எழுந்திருக்காமலே.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தேழு. அவரைத் தெருவே 'பிரேக் அண்ணன்' என்றுதான் அழைக்கிறது. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தால், "அந்தக் கடைசி வரி தெரியுதா?" என்று கேட்பார். தெரிகிறது என்று சொன்னால் முடிந்தது கதை. "தெரிஞ்சா மட்டும் போதுமா சார்? நிக்கணும்ல?" கண்ணாடிக்கு ஒரு திருகு மாட்டப் போன நான் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியிருக்கிறேன்.

கார் அவரைவிட ஏழு வயது இளையது. கூரை கிடையாது, இரண்டே இருக்கை, உயரம் என் இடுப்புவரைதான். மாதம் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தை எங்களைப் போன்றவர்களுக்கும் திறந்துவிடுவார்கள். டிராக் டே என்று பெயர். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அவரவர் வண்டியை ஆசை தீர ஓட்டலாம். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் வேகத்தைப் பற்றிப் பீற்றிக்கொள்ள, இவர் மட்டும் நிற்பதைப் பற்றியே பேசுவார். "ஓடறதுக்கென்ன, எந்த வண்டியும் ஓடும். நிக்கறதுக்குத்தான் யோக்கியதை வேணும்."

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், காலடி விரிப்பில் ஓர் ஓட்டை உண்டு. உட்கார்ந்து போனவர்கள் எல்லாரும் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்து விழுந்த ஓட்டை. அதில் என் பங்கும் இருக்கிறது. ஒரே ஒரு சுற்றுப் போய் வந்தேன், கெண்டைக்கால் இரண்டு நாள் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த இருக்கைக்கு உரியவர் எட்டு வருடமாக அதில் உட்காரவில்லை.

அவர் இவருடைய மனைவி, தெருவுக்கே 'அம்மா'. மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருவரும் தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாவது சுற்றில், திருப்பத்துக்கு முன்னால் இவர் மிதித்த பிரேக் அப்படியே தரைவரை போய்விட்டது. கார் திருப்பத்தில் திரும்பாமல் மணல் குழிக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மாவின் தலைமுடியில் மூன்று நாள் மணல் உதிர்ந்ததாம். "நீங்க எங்க நிறுத்துவேன்னு சொல்றீங்களோ, அங்க இது நிக்கட்டும். அன்னிக்கு உக்காரறேன்" என்று சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் இவரைப் பிடித்து ஆட்டிவிட்டது.

அன்று தொடங்கியது. பெரிய டிஸ்க், பெரிய பிரேக் என்று மொத்தமாக மாற்றிவிடச் சொன்னார்கள் நண்பர்கள். "அந்தக் காசுக்கு இன்னொரு காரே வாங்கலாம். அதுக்கும் பிரேக்கு பாக்கணும்" என்று மறுத்துவிட்டார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடுகளை மட்டும், சூடு தாங்குவதாக, வாங்கிப் போட்டார். புதுப் பேடைப் பழக்க வேண்டுமாம். காலி ரோட்டில் வேகம் எடுப்பது, சட்டென்று குறைப்பது, நிற்காமல் மறுபடி வேகம் எடுப்பது என்று பத்து முறை செய்தார். ஓரமாக நின்ற போக்குவரத்துக் காவலர் வண்டியை மறித்து, "இப்பதான் ஓட்டக் கத்துக்கறீங்களா?" என்று கேட்டாராம். அந்தக் காவலர் இப்போது இவரிடம்தான் கண்ணாடி வாங்குகிறார்.

பிறகு வீங்குகிற ரப்பர்க் குழாய்களைக் கழற்றிவிட்டு இரும்புப் பின்னல் போட்ட குழாய்கள் வந்தன. பிறகு காற்று. முன்னாலிருந்து டிஸ்க்குக்குக் குளிர்காற்று கொண்டுபோக வேண்டும் என்று, வீட்டில் தூசி உறிஞ்சும் எந்திரத்தின் குழாயை வெட்டி எடுத்து மாட்டினார். இரண்டே சுற்றில் அது உருகி ஒழுகியது. வீட்டில் ஒரு மாதம் துடைப்பம்தான். "காத்து போச்சா?" என்று மட்டும் கேட்டார் அம்மா. அதற்கப்புறம்தான் சூடு தாங்கும் குழாய் வாங்கினார்.

இத்தனை செய்தும் ஆறாவது சுற்றில் பிரேக் மெத்தை மாதிரி அமுங்கத் தொடங்கும். இவர் வேகத்தைக் குறைத்து ஓரமாக வந்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பது ஒரே கேள்வி: "எத்தனாவது சுத்து?" "ஆறு." "சரி, கை கால் கழுவிட்டு வாங்க." எட்டு வருடமாக இதே பேச்சு. 

போன மாதம் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் வேலையில் மாட்டிக்கொண்டேன். பிரேக்கில் காற்று எடுக்கிறார்கள். மிதியை ஒருவர் மிதிக்க, சக்கரத்துக்கு அடியில் இன்னொருவர் திருகைத் திறந்து பழைய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். வண்டியில் போகமாட்டாரே தவிர, இந்த வேலைக்கு அம்மா எட்டு வருடமும் வந்திருக்கிறார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மடியில் வாரப் பத்திரிகை, காலில் பிரேக்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடாத."

"விடல."

"இப்ப விடு."

இருபத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் இவ்வளவு ஒத்துப்போய்ப் பேசி வேறெங்கும் நான் கேட்டதில்லை. அடியிலிருந்து அவர், "சார், அலமாரில பிரேக் ஆயில் பாட்டில் இருக்கும், எடுங்க" என்றார். எடுத்து நீட்டினேன். வழியில் அம்மாவின் கை அதை வாங்கிக்கொண்டது.

"ஏங்க, இது எப்பத் திறந்தது?"

"போன வருஷம்... இல்ல, அதுக்கு முந்தின வருஷம்."

"மீதியா?"

"பெரிய பாட்டில் வாங்கினா சல்லிசும்மா. பாதி ஊத்தினேன், பாதி பத்திரமா வெச்சிருக்கேன். மூடி டைட்டாத்தான் இருக்கு."

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாட்டிலைத் திருப்பினார். "நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடிலதான் படிக்கறேன், கேளுங்க. காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்குமாம். ஈரம் சேந்தா சூட்டுல கொதிச்சு, பிரேக்கு பிடிக்காதாம். திறந்தா சீக்கிரம் தீத்துடணுமாம். எங்க கடையில இருமல் சிரப்பு திறந்தாலே தேதி எழுதச் சொல்றோம், மாசம் தாண்டினா கொட்டச் சொல்றோம். உங்க உயிரு நிக்கற எண்ணெய்க்கு அந்த மரியாதை கூட இல்லையா?"

காருக்கு அடியிலிருந்து வெறும் முகம் மட்டும் வெளியே வந்தது. ஊரையே பொடி எழுத்துப் படிக்க வைக்கிறவர், அந்தப் பாட்டிலில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. 

"அன்னிக்கு... மணல்ல எறங்கினோமே," என்றார் மெதுவாக. "அன்னிக்கும் மீதி பாட்டில்தான்."

 ஏணியைக் கொடுத்ததும் ஓடியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மா அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாரப் பத்திரிகை மடியிலிருந்து நழுவியது, சிரிப்பு நிற்கவில்லை. "எட்டு வருஷம்! என் குழாய வேற வெட்டினீங்களே!"

பாதி பாட்டிலைக் குப்பையோடு சேர்க்காமல் பழைய எண்ணெய் வாங்குகிற பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தார். கொடுக்கும்போது அவர் கை தயங்கியதை நான் பார்த்தேன். திரும்பும்போது சின்னதாக ஒரு புதுப் பாட்டில் வாங்கிவந்தார். அதைத் திறந்ததும் அம்மா மருந்துக்கடை ஒட்டுச்சீட்டில் தேதி எழுதி ஒட்டினார். "அடுத்த ஞாயிறு எனக்கும் ஒரு ஹெல்மெட் சொல்லிடுங்க" என்றார், தலை நிமிராமல். "திருப்பத்துக்கு முன்னால நூறுன்னு எழுதின பலகை இருக்குல்ல, அங்கதான் மிதிக்கறேன்னு சொல்லுவீங்க. ஒரு தடவ தவறினாலும் எறங்கிடுவேன்."

அந்த ஞாயிறு வேலியோரம் நின்று நான் எண்ணினேன். மூன்றாவது சுற்று, மணல் குழி இருக்கும் அதே திருப்பம். நூறு பலகைக்கு வந்ததும் காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, கார் அடங்கித் திரும்பியது. ஆறாவது சுற்றில் நான் மூச்சு விடவில்லை. விளக்கு எரிந்தது, அடங்கித் திரும்பியது. ஏழு, எட்டு, ஒன்பது. பன்னிரண்டாவது சுற்று முடிந்து இன்னும் ஒரு சுற்று மெதுவாகப் போய்ச் சூட்டை ஆற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அவர் இறங்கி, கவசத்தைக்கூடக் கழற்றாமல், வழக்கம்போல் முன் சக்கரத்தின் எதிரே முட்டி போட்டார். கவசம் இடித்தது, முகர முடியவில்லை. அம்மா தன் கவசத்தைக் கழற்றி இருக்கையில் வைத்தார். கலைந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, இந்தப் பக்கத்து முன் சக்கரத்துக்கு எதிரே முட்டி போட்டு, கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். அவர் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க, அம்மா முட்டியாலேயே நகர்ந்து பின் சக்கரத்துக்குப் போனார்.