என்னைக் கரையில் இருத்திய மாஸ்டர்

தோடம்பழத்தை நாலாகக் கீறி, அதன்மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து ஒரு மணிநேரம் வெயிலில் வைத்தால், மூடியைத் திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் ஒரு மணம் வரும். லண்டன் மோர்டனில் உதைபந்தாட்டப் பயிற்சியின் இடைவேளைகளில் அம்மாமார் அந்த டப்பாக்களோடுதான் வருவார்கள். வெட்டிய புல்லின் ஈரமும் முழங்கால்களில் பூசிய தைலத்தின் நெடியும் அதோடு கலந்துவிட்டால் எங்களுக்குச் சனிக்கிழமை வந்துவிட்டது என்று அர்த்தம். நான் மட்டும் அந்தப் பழத்தை வாயில் வைக்குமுன் ஒருதரம் மணந்து பார்ப்பேன். எவர் என்ன தந்தாலும் அப்படித்தான். சின்ன வயதிலேயே நான் ஒரு சந்தேகப் பிராணி.

அதற்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது, எங்கள் வீடு அப்படி. கதவு மணி அடித்தால் திறப்பதற்கு முன் அம்மா திரைச்சீலையை விரல் நுனியால் விலக்கிப் பார்ப்பா. தொலைபேசியை நான் எடுத்தால், "அப்பா வேலைக்குப் போட்டார் எண்டு மட்டும் சொல்லு, வேற ஒண்டும் கதையாதை" என்று பக்கத்தில் நின்று கிசுகிசுப்பா. எங்கள் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. "கேஸ்" என்ற அந்த ஒரு சொல்லுக்காக வீட்டில் எத்தனையோ விஷயங்கள் பாதியில் நிறுத்தப்பட்டன.

வாழ்க்கையில் ஒரேயொரு விஷயத்தில் நான் சந்தேகப்படாமல் இருந்தேன், அது என் பிறந்தநாள். எனக்கு இரண்டு பிறந்தநாட்கள் இருந்தன. யூலை மாதத்தில் பள்ளிக்கூடச் சிநேகிதர்களை அழைத்து மெழுகுதிரி ஊதுவது "கேக் பிறந்தநாள்". வைகாசி மாதத்து அனுஷத்தில் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வது "கோயில் பிறந்தநாள்". இங்கிலீசுக்காரருக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படித்தான் என்று வகுப்பில் ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதனுக்குப் பெருமையாக விளக்கியதும் உண்டு.

எங்களுக்குப் பந்து பழக்கியவர் தில்லைநாதன் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் அப்பா படித்த கல்லூரியில் உதைபந்தாட்டப் பயிற்சியாளராக இருந்தவர். சண்டை வந்து மைதானமே கைவிட்டுப் போன பிறகு லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். கல்லூரியின் லண்டன் பழைய மாணவர் சங்கம், அந்தக் கல்லூரியின் வாசலைக்கூடக் கண்டிராத எங்களைப் போன்ற பிள்ளைகளைச் சேர்த்து, கல்லூரியின் நிறத்திலேயே சட்டை போட்டு விளையாட விட்டது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் இருந்த போட்டியெல்லாம் கப்பலேறி லண்டனுக்கு வந்து, ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒரு பூங்காவில் எங்கள் தலையில் விடியும்.

மாஸ்டர் வேலைச் சட்டையோடே நேரே மைதானத்துக்கு வருவார். அவர் ஒரு பெரிய ஆள் என்று அப்பாமார் சொன்னதை நான் நம்பவில்லை. பெரிய ஆட்கள் அப்படிச் சட்டை போடமாட்டார்கள் என்பது என் கணிப்பு. அவர் ஒரு வருடத்தையும் இலக்கத்தால் சொன்னதில்லை, எல்லாமே ஆட்டங்கள்தான். "மழைக்குள்ள மூண்டுக்கு ரெண்டு அடிச்ச வருசம் எனக்குக் கலியாணம்" என்பார். கோல் காக்கிற எனக்கு அவர் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: "பந்தைப் பார்க்காதை. காலையும் பார்க்காதை. அடிக்கிறவன்ரை இடுப்பைப் பார். மற்றதெல்லாம் உன்னை ஏமாத்தும்." இப்படி யாரையும் நம்பாதே என்று சொல்லித் தந்த ஒரே ஆசிரியர் அவர் என்பதால், மெல்ல மெல்ல எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்தக் கோடையில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் நாங்கள் அரையிறுதி வரை போனோம். ஆட்டம் சமநிலையில் முடிந்து தண்ட உதைக்கு வந்தபோது, நான் இடுப்பைப் பார்த்தே இரண்டு பந்துகளைத் தடுத்தேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். மாஸ்டர் என் தலையில் கை வைத்துச் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் கடைசித் தடவை.

அடுத்த வெள்ளிக்கிழமை, இறுதியாட்டத்தில் வெல்லவேண்டும் என்று அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனை செய்வித்தா. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்க அம்மா சொன்னா. பக்கத்தில் மாஸ்டரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பிறகு செருப்புகள் வைக்கிற இடத்தில் அம்மாவும் அவரும் கனநேரம் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். என்னைக் கண்டதும் கதை நின்றது. அம்மாவின் முகம் வெளிறியிருந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, நட" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு விரைந்தா.

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். மாஸ்டர் பதினொரு பெயர்களை வாசித்தார், என் பெயர் வரவில்லை. கோல் காக்கக் கௌசிகனைப் போட்டார். ஓடி வருகிற பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிறவன் கௌசிகன். அவனுடைய அப்பாதான் எங்களுக்கெல்லாம் புதுச் சட்டை எடுத்துத் தந்து, தன் வான் வண்டியில் ஏற்றி இறக்கியவர். எனக்கு விஷயம் வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது.

"ஏன் சேர்?" என்று கேட்டேன்.

"நீ இண்டைக்குக் கரையில இரு" என்றார் மாஸ்டர். என் கண்ணை அவர் பார்க்கவில்லை, எங்கோ கொடிக்கம்பத்தைப் பார்த்தார். "எனக்குக் கௌசிகன் காணும்."

ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். ஒரு குழந்தைகூடப் பிடித்திருக்கக்கூடிய பந்து கௌசிகனின் கால்களுக்கு நடுவே உருண்டு போனது. அப்பா எல்லார் முன்னிலையிலும் மாஸ்டரைக் கேட்கக் கூடாத கேள்விகளெல்லாம் கேட்டார். வானுக்கு விலைபோனவர் என்று இன்னும் இரண்டு அப்பாமார் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். அவர் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடத்தோடு சங்கம் அவரை மாற்றியது. நானும் பந்தை விட்டேன். போன மாரியில் அவர் காலமானபோது செத்தவீட்டுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, குடும்பத்துக்குக் கை கொடுக்காமலே திரும்பி வந்தேன். அவ்வளவுக்கு அவர்மேல் எனக்குக் கசப்பு இருந்தது.

இந்த வருடம் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. கல்லூரியின் எக்காலத்துக்குமான தலைசிறந்த உதைபந்தாட்டப் பயிற்சியாளர்கள் ஐந்து பேரைத் தெரிந்து, பெயர் பொறித்த பலகை ஒன்றைச் செய்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது என்று. தெரிவுக் குழுவில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற மருந்தாளரான மகேந்திரன் அண்ணை, இங்கேயே பிறந்து வளர்ந்த சுபாஷினி, நான். சுபாஷினி ஒரு புள்ளி அட்டவணை தயாரித்து வந்தாள். கிண்ணம், வெற்றி, வளர்த்தெடுத்த வீரர்கள், நேர்மை. நாலுக்கும் பத்துப் பத்துப் புள்ளி. மாஸ்டருடைய நல்ல காலத்தைச் சண்டை தின்றுவிட்டதால் கிண்ணங்கள் குறைவு. ஆனாலும் அவர் ஐந்தாம் இடத்துக்குத் தொட்டும் தொடாமலும் நின்றார். நேர்மைக்கு எவ்வளவு போடலாம் என்று, அவரிடம் விளையாடியவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். நான் பூச்சியம் போடச் சொன்னேன். வான் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிப்பானேன்.

அன்று மத்தியானம் அம்மா வீட்டில் சாப்பாடு. சொதியை ஊற்றிக்கொண்டே, மாஸ்டருக்கு முடிவு கட்டிவிட்ட கதையைச் சொன்னேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்தா.

"ஐயோ, அந்தாளுக்கோ?" என்றா. "அந்தாள் உன்னை ஏன் விடேல்லை எண்டு உனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரிந்தது பாதிதான். என் கலியாணத்துக்குச் சாதகம் பார்த்தபோது ஒரு விஷயம் வெளிவந்திருந்தது. நாங்கள் வேறொரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். அதிலிருந்த பிள்ளையின் பிறந்த தேதி, விமான நிலையத்தில் அம்மா பயத்தில் சொன்னது, அப்படியே என்னுடையதாகிவிட்டது. உண்மையில் நான் பதினாலு மாதம் மூத்தவன். கேக்கும் கோயிலும் வேறு வேறு வருடங்களைக் கொண்டாடியிருக்கின்றன. அதை ஒரு பகிடியாகச் சிநேகிதர்களுக்குக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டு மறந்திருந்தேன். அந்த இறுதியாட்டத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

அம்மா மிச்சத்தைச் சொன்னா. அன்று கோயிலில் அனுஷம் என்று காதில் விழுந்ததும் மாஸ்டர் அருகில் வந்து, "தங்கச்சி, இவன் நாங்கள் கிண்ணம் எடுத்த கிழமை பிறந்தவன் எல்லே? துடக்குக் கழிச்ச முப்பத்தொண்டாம் நாள் உங்கடை வீட்டில நான் சாப்பிட்டனான்" என்று சந்தோஷமாகத் தொடங்கியிருக்கிறார். தொடங்கியவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறா, கேஸ் முடியவில்லை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ என்று.

"தெரிஞ்ச பிறகு விளையாட விட ஏலாது தங்கச்சி. ஆனா ஏனெண்டு ஒரு குருவிக்கும் சொல்லமாட்டன். பெடியனுக்கும் சொல்ல வேண்டாம், வாய் தவறிச் சொல்லிப்போடுவான். என்னைத் திட்டினால் திட்டட்டும்" என்றாராம்.

அப்பாவுக்கும் அம்மா சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் கோபத்தில் மைதானத்திலேயே கத்திப்போடும் என்ற பயம். "கேஸ் முடிஞ்சாப் பிறகு உனக்குச் சொல்லுவம் எண்டிருந்தன். அது முடிய ஆறு வருசம் போச்சுது. அதுக்குள்ள நீ மறந்திருப்பாய் எண்டு நினைச்சன்" என்றா. நான் கையைக் கழுவாமல் அப்படியே இருந்தேன். வெட்கமாக இருந்தது. செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றது நினைவுக்கு வந்து இன்னும் வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு குழு கூடியது. பூச்சியத்தைப் பத்தாக மாற்ற வேண்டும் என்றேன். மகேந்திரன் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"போன கிழமை பூச்சியம், இந்தக் கிழமை பத்தோ? இடையில ஆர் உம்மோட கதைச்சது? மாஸ்டற்றை மகள் போன் எடுத்தவவோ?"

"ஒருத்தரும் கதைக்கேல்லை அண்ணை."

"அண்ணா, ரீசன் என்னெண்டு சொல்லுங்கோ" என்றாள் சுபாஷினி, மடிக்கணினியில் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு. "நான் மினிட்ஸில போடுறன்."

மினிட்ஸ் என்றால் கூட்டக் குறிப்பு, எழுத்தில் நிற்கும். என் பாஸ்போர்ட், கவுன்சிலில் என் வேலை, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் அந்த யாரோ ஒரு பிள்ளையின் பிறந்த தேதிதான் இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் என்னை இனி எவரும் விமானம் ஏற்றி அனுப்பப் போவதில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் திரைச்சீலையை விலக்கிப் பார்த்து வளர்ந்த உடம்பு அது. "ரீசன் இல்லை" என்றேன். மகேந்திரன் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். பூச்சியம் பூச்சியமாகவே நின்றது. வேறொருவர் ஐந்தாவதாக வந்தார். பலகை செய்து அனுப்பியாயிற்று.

போன மாதம் அந்தப் பூங்காப் பக்கம் போனேன். புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரை போட்டு, சுற்றிக் கம்பிவேலி அடைத்து, கைத்தொலைபேசியில் பதிவு செய்தால்தான் கதவு திறக்கும் என்றாக்கிவிட்டார்கள். உள்ளே எங்கள் கல்லூரிச் சட்டையோடு பிள்ளைகள் ஓடினார்கள். எல்லாரும் தெற்கு லண்டன் ஆஸ்பத்திரிகளில் பிறந்தவர்கள், எல்லாரிடமும் உண்மையான பிறப்புச் சான்றிதழ் இருக்கும், ஆளுக்கு ஒரே ஒரு வயது. பயிற்சியாளர் அவர்களைப் பற்றி எதையும் மறைக்கத் தேவையில்லாத காலம் இது. நல்லதுதான். ஆனால் அப்படி மறைக்கத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள் என்பதும் அவர்களோடு போய்விட்டது.

என் சந்தேகப் புத்தி இப்போதும் சும்மா இருப்பதில்லை. முந்திய ஆட்டங்களில் நான் விளையாடியதும் பிழைதானே, முழுக்க நேர்மையானவர் என்றால் அணியையே விலக்கியிருக்க வேண்டாமா என்று கேட்கிறது. விலக்கியிருந்தால் காரணம் கேட்டிருப்பார்கள். காரணம் என்னிடம் வந்து நின்றிருக்கும். ஒரு பெரிய பயிற்சியாளரை எதைக் கொண்டு அளப்பது என்று எனக்குத் தெரியாது. பலகையிலுள்ள ஐந்து பேரும் நிறையக் கிண்ணம் எடுத்தவர்கள்தான். எனக்குத் தெரிந்தது, தன் கிண்ணத்தையும் பெயரையும் விட்டுக்கொடுத்து ஒரு குடும்பத்தின் ரகசியத்தைச் சாகும்வரை காத்தவர் ஒருவர்தான்.

இதை எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "அந்தாளின்ரை பேரைப் போட்டே எழுது" என்றா. ஆகவே மகேந்திரன் அண்ணைக்கும், சுபாஷினிக்கும், இனி இப்படி ஒரு பட்டியல் போட உட்காரப் போகிறவர்களுக்கும் நான் தர மறுத்த காரணம் இதுதான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான அந்த இறுதியாட்டத்தன்று எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்து மூன்று மாதமாகியிருந்தது.